செப்டம்பர் 17: இந்த ஊருக்கு மட்டும் லீவு... ஆனா சம்பளம்?

பிலிப்பைன்ஸின் லகூனா மாகாணத்தில் இருக்கிறது லாஸ் பான்யோஸ். செப்டம்பர் 17 வந்தால் அங்கே ஸ்கூல், அரசு அலுவலகம் எல்லாம் லீவு. எல்லையைத் தாண்டி பக்கத்து ஊரான கலம்பாவுக்குப் போனால் வழக்கம்போல வேலை நாள்! அப்படி என்ன விசேஷம்? ஊருக்குப் பிறந்தநாள்.

சூடான ஊர்

மகிலிங் எரிமலை அடங்கிப் பல காலம் ஆகிறது. ஆனால் அடிவாரத்தில் இன்னும் வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. அதனால் இந்த இடத்துக்குப் பழைய பெயரே 'மைனிட்'. உள்ளூர் மொழியில் 'சூடு' என்று அர்த்தம். அப்போது இது பாய் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடியிருப்பு. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பிரான்சிஸ்கன் துறவிகள், அந்த வெந்நீரை நம்பி ஒரு மருத்துவமனை கட்டினார்கள். 1615 செப்டம்பர் 17-ல் இது தனி ஊரானது. 'லாஸ் பான்யோஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் குளியல் இடங்கள். ஊர்த் திருவிழாவின் பெயரும் அதை ஒட்டியதுதான்: 'பான்யாமோஸ்'.

நம்ம ஊர் விவசாயிகளுக்கும் இந்த ஊர் அந்நியம் இல்லை. ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 என்று நெல் ரகங்களைச் சொல்கிறோமே, அந்த 'ஐ.ஆர்.' பிறந்தது இங்கே 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர். ஆய்வு நிலையங்கள் நிறைந்திருப்பதால் 2000-ல் 'சிறப்பு அறிவியல், இயற்கை நகரம்' என்ற பட்டமும் கிடைத்தது. பட்டத்தில்தான் நகரம், நிர்வாகத்தில் இன்றைக்கும் டவுன்தான்.

லீவு விடுவது யார்?

மேயர் நினைத்தால் மட்டும் நடக்காது. உள்ளூர் நிர்வாகம் கோரிக்கை வைக்க, ஜனாதிபதி மாளிகையான மலகன்யாங்கில் இருந்து பிரகடனம் வர வேண்டும். சில ஊர்களுக்கு நாடாளுமன்றமே சட்டம் போட்டு நாளை நிரந்தரமாக்கிவிடும்.

எந்தத் தேதியைப் பிறந்தநாளாக எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மணிலா, ஸ்பானியர்கள் நகரம் நிறுவிய 1571 ஜூன் 24-ஐக் கொண்டாடுகிறது. டாவோவோ, நகர அந்தஸ்து பெற்றதை நினைவுகூர்ந்து மார்ச் 16-ஐக் கொண்டாடுகிறது. பிறப்பே வழக்கான கதையும் இருக்கிறது. ஜனாதிபதி மகபகால் 1964-ல் வெறும் நிர்வாக உத்தரவுகளால் 33 ஊராட்சிகளை உருவாக்கினார். ஜனாதிபதிக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி உத்தரவால் பிறந்து, பிறகும் இயங்கிவந்த ஊர்களை 1991 உள்ளாட்சிச் சட்டம்தான் முறைப்படுத்தியது.

சரி, சம்பளம் வருமா?

இங்கேதான் சிக்கல். அங்கே விடுமுறைகள் முக்கியமாக இரண்டு வகை. சுதந்திர தினம், கிறிஸ்துமஸ் மாதிரியானவை 'வழக்கமான விடுமுறை'. வேலைக்குப் போகாவிட்டாலும் அன்றைய கூலி உண்டு, போனால் இரட்டிப்பு. ஊர்ப் பிறந்தநாள் இந்த வகையில் வராது. அது 'சிறப்பு வேலையில்லா நாள்'. விதி ரொம்ப சிம்பிள்: வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. வேலை செய்தால் 30 சதவீதம் கூடுதல்.

ஒருவருக்கு நாள் கூலி 500 பெசோ என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 17-ல் வேலை செய்தால் 650. அது அவருடைய வார ஓய்வு நாளாகவும் இருந்து, அன்று வேலை செய்தால் 750. முதலாளி கடையைப் பூட்டிவிட்டால்? பூஜ்யம். நிறுவனமோ தொழிற்சங்க ஒப்பந்தமோ கொடுக்கச் சொன்னால்தான் உண்டு. மாதச் சம்பளக்காரருக்குப் பொதுவாகப் பிடித்தம் இருக்காது. ஊர்வலத்தை நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம். தினக்கூலிக்காரருக்கு அதே ஊர்வலம் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். ஒரே தெருவில், ஒரே திருவிழாவில் இப்படி இரண்டு கணக்கு!

லீவு அறிவிப்பு பல சமயம் சில நாள் முன்னால்தான் வரும் என்பது இன்னொரு தலைவலி. ஷிப்ட் போட்டு முடித்த கம்பெனிகள் அவசரமாக அட்டவணையை மாற்ற வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலை ஓரம் 'புகோ பை' விற்பவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. இளநீர் வழுக்கையை உள்ளே வைத்துச் சுடும் இந்தப் பலகாரத்துக்கு லாஸ் பான்யோஸ் பிரசித்தம். சொந்தக் கடைக்காரருக்கு லீவும் இல்லை, 30 சதவீதமும் இல்லை. அன்றைக்கு எத்தனை பெட்டி விற்றதோ, அதுதான் வரும்படி.