"நான்" என்று தொடங்கிய கடிதம்

மனிதனுக்கு எல்லாவற்றையும்விடப் பிரியமானது எது? பொன்னா? வீடா? பிள்ளைகளா? இல்லை. தான்தான்! பத்துப் பேர் சேர்ந்து எடுத்த புகைப்படத்தை ஒருவன் கையில் கொடுங்கள். முதலில் தன் முகத்தைத்தான் தேடுவான்.

இதைப் பெரிய குற்றமாகத் திருவண்ணாமலை ரமண மகரிஷி சொல்லவில்லை. எல்லா உயிருக்கும் தன்னிடமே அதிக அன்பு என்ற கருத்தோடுதான் அவருடைய "நான் யார்?" என்ற சிறு நூல் தொடங்குகிறது. அப்படி அன்பு வைக்கிறோமே, அந்த "நான்" யார் என்று தெரிய வேண்டாமா? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

இந்தக் கேள்வி ஏட்டில் பிறந்தது அல்ல. பயத்தில் பிறந்தது.

மரண பயம்

அப்போது அவர் பெயர் வெங்கடராமன். வயது 16. தகப்பனார் இறந்துவிட்டதால், மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்துவந்தான்.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதம். மாடி அறையில் தனியாக இருந்தான். உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனால், சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது.

வைத்தியரைத் தேடி ஓடவில்லை. பிணம்போல் கை கால்களை நீட்டிப் படுத்தான். வாயை இறுக மூடினான். உடம்பை எரித்துவிட்டால் தானும் போய்விடுவோமா என்று தனக்குள் விசாரித்தான். உடம்பு வேறு, தான் வேறு என்று தெளிந்தது. பயம் பறந்தது.

3 ரூபாய்

ஆகஸ்டு 29ஆம் தேதி வீட்டைவிட்டுப் புறப்பட்டான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்கு இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தான். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அதில் எழுதினான்.

அந்தக் கடிதத்தில் ஒரு புதுமை! தொடக்கத்தில் "நான்" என்று எழுதியவன், அடுத்த வரிகளில் தன்னையே "இது" என்று எழுதினான். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான்.

தாயின் கண்ணீர்

மகன் நிம்மதியைத் தேடிக்கொண்டான். பெற்றவள் கதி என்ன? இது சுயநலம் அல்லவா?

1898ஆம் ஆண்டு தாய் அழகம்மாள் தேடி வந்தார். வீட்டுக்கு வரும்படி நாள்தோறும் மன்றாடினார். அழுதார். ரமணர் பேசவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். அந்தக் கண்ணீருக்கு அன்று பதில் கிடைக்கவில்லை.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 1914ஆம் ஆண்டு மகனைப் பார்க்க வந்த தாய் கடும் காய்ச்சலில் விழுந்தார். ரமணரே பணிவிடை செய்தார். 1916ஆம் ஆண்டு முதல் தாய் மகனோடு மலையிலேயே தங்கிவிட்டார். 1922ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி அவருக்கு இறுதி வேளை வந்தது. ஒரு கையைத் தாயின் மார்பிலும், மறு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும்வரை மகன் அருகிலேயே இருந்தார். தாயை அடக்கம் செய்த இடத்தில் எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

எல்லோருக்கும் ஒரே பங்கு

தன்னை அறிந்தவர் எப்படி நடந்துகொள்வார்? 1924ஆம் ஆண்டு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ரமணரின் தொடையில் அடித்தார்கள். சீடர்கள் திருப்பி அடிக்கப் பாய்ந்தார்கள். அவர் தடுத்துவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் தமக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாலும் அவருக்குப் பிடிக்காது. விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கினார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி மறைந்தார்.

சுயநலக்காரனும் "நான், நான்" என்கிறான். தன்னை அறிந்தவரும் "நான்" என்பதையே நினைத்தார். முன்னவன் அந்த "நானு"க்குத் தீனி போடுகிறான். பின்னவர் அது யார் என்று கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்!

இதற்கு மலைக்குப் போகவேண்டியது இல்லை. வீட்டில் கோபம் வரும்போது, "இந்தக் கோபம் யாருக்கு வந்தது?" என்று கேட்டுப் பார்க்கலாம். "எனக்கு" என்று பதில் வரும். "அந்த நான் யார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும். ரமணர் காட்டிய வழி இதுதான். காசு செலவு இல்லாத வழி!