வெள்ளம் வடிந்த நகரில் நடத்தல்

குளிர்நாட்டு நகரங்களைப் பனி மூடுவதுபோல் நம் கோலாலம்பூரை மூடுவது வெள்ளச்சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த நகரம் அது. 1971 சனவரியில் நகரின் நடுப்பகுதியே நீரில் மூழ்கிற்று. 2021 டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் தத்தளித்தன.

மாணவச் செல்வங்களே! கலங்கிய நீர் தேங்கியிருக்கும்வரை சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது எனத் தெரியாது, அதில் இறங்கலாகாது. நீர் வடிந்தபின் எஞ்சும் சேற்றிலோ எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். அதிலுள்ள கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலிற் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். தோட்டத்தில் வெறுங்காலுடன் நடந்து பழகிய நமக்குக் காலணி சுமைதான், எனினும் அணிக. வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கால் கழுவுக. சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், சேற்றில் நடந்ததை மருத்துவரிடம் மறவாது கூறுக.