ஊர்க்கணக்கு – 7: வீட்டு வரிக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரம்

தேனி மாவட்டத்தில் மொத்தம் 130 கிராம ஊராட்சிகள். எட்டு ஒன்றியங்களில் அவை பிரிந்து கிடக்கும் விதத்தைப் பார்த்தாலே பணக் கதை பாதி விளங்கிவிடும். ஆண்டிபட்டி ஒன்றியத்தில் 30 ஊராட்சிகள். கம்பம் ஒன்றியத்தில் ஐந்தே ஐந்து: சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, கருநாக்கமுத்தன்பட்டி, ஆங்கூர்பாளையம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் பள்ளத்தாக்கில் ஊர்கள் பெருத்தன. கம்பம், கூடலூர், சின்னமனூர் நகராட்சிகளாகின. உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், காமயகவுண்டன்பட்டி எல்லாம் பேரூராட்சிகள். அந்தப் படிகளில் ஏறாதவைதான் கிராம ஊராட்சிகள்.

கிராம சபையில் யார் பேசலாம், எப்படித் தீர்மானம் போடலாம் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பணம். குழாயில் தண்ணீர், தெருவில் வெளிச்சம், வாசலில் குப்பை வண்டி. இந்த மூன்றுக்கும் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது?

மூன்று கணக்கு

ஊராட்சிகளில் வங்கிக் கணக்கை மூன்றாகப் பிரித்து வைப்பது நீண்ட நாள் வழக்கம். முதலாவது பொது நிதிக் கணக்கு. ஊரில் வசூலாகும் வரி இதில் சேரும். இரண்டாவது கரண்டு பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் ஒதுக்கியது. மூன்றாவது திட்டக் கணக்கு. மத்திய, மாநிலத் திட்டப் பணம் இதற்கு வரும். ‘ஒண்ணாம் நம்பர் கணக்குல எவ்வளவு கிடக்கு?’ என்று ஊராட்சிச் செயலரிடம் தலைவர் கேட்டால், சொந்தமாக முடிவெடுக்க எவ்வளவு மிச்சம் என்று அர்த்தம்.

சித்திரையில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி ஒன்று. மே 1 கிராம சபை. பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு பாட்டி எழுந்து நிற்பார்.

“என்னய்யா தலைவரே, நாலு நாளா கொழாய்ல சொட்டுத் தண்ணி வரலையே?”

“போர் மோட்டார் எரிஞ்சு போச்சு ஆத்தா. காயில் கட்டக் குடுத்திருக்கு.”

“குடுத்தா வாங்கிட்டு வர வேண்டியதுதானே?”

“காசு குடுத்தாத்தானே தருவாங்க!”

கூட்டம் சிரிக்கும். அதற்குள் இருப்பதுதான் நம் விஷயம். போரிலிருந்து பைப்பையும் மோட்டாரையும் மேலே தூக்க ஆள் கூலி, காயில் கட்டும் கடைக்குக் கூலி, கேபிள் மாற்றச் செலவு. எல்லாமே அன்றைக்கே கொடுக்க வேண்டிய காசு. திட்டக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் கிடக்கலாம். ஆனால் ஆண்டுத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு அதில் கை வைப்பது எளிதல்ல. கைகொடுப்பது ஒண்ணாம் நம்பர் கணக்கு ஒன்றுதான். அதிலும் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் ஆகவில்லை என்றால், மோட்டார் கடையிலேயே கிடக்கும்.

பெயர் எழுதி வரும் பணம்

ஊராட்சிக்கு வரும் பெரிய பணம் மேலிருந்து வருகிறது. ஒன்று, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வருவது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது அதன் அடிப்படை. மற்றொன்று, ஒன்றிய அரசின் நிதி ஆணைய மானியம்.

இரண்டாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 15ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு வகுத்த கணக்கு இது. மானியம் 100 ரூபாய் என்றால், 30 ரூபாய் சுகாதாரத்துக்கு; கழிப்பறை, குப்பை, கழிவுநீர் எல்லாம் இதில் அடக்கம். இன்னொரு 30 ரூபாய் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மிச்சமுள்ள 40 ரூபாயை ஊரின் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக் கூடாது. கிட்டத்தட்ட சீர்வரிசைத் தட்டுதான்: தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கொடுப்பவர் தீர்மானிப்பார், வாங்குபவர் சுமந்து போவார்.

இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்படிக் கட்டிப்போடாவிட்டால் மொத்தப் பணமும் சிமென்ட் சாலையாக மாறியிருக்கும் என்பது ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். சாலை கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் வரும். குளோரின் கலந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டாயப் பங்கு நியாயமே. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை.

தலைக்கணக்கும் தொட்டிக்கணக்கும்

மேலிருந்து வரும் பணத்தைப் பிரிக்கும்போது பெரிய அளவுகோல் மக்கள்தொகை. அதுவும் 2011 கணக்கெடுப்பின் தலைக்கணக்கு. செலவோ தலைக்கு ஏற்ப வருவதில்லை, இடத்துக்கு ஏற்ப வருகிறது.

பள்ளத்தாக்கில் ஒரு ஊர் என்றால் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு ஆபரேட்டர், நாலு தெருவுக்கு விளக்கு. கிழக்கே வருசநாட்டுப் பக்கம் போனால் நிலைமை வேறு. கடமலை-மயிலாடும்பாறை ஒன்றியத்தில் 18 ஊராட்சிகள். மலையடிவாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய குக்கிராமங்கள். முப்பது வீடு இருந்தாலும் அதற்கொரு போர், ஒரு சின்ன தொட்டி, அதற்கொரு கரண்டு பில், அங்கே போய் மோட்டார் போட்டுவிட்டு வர ஓர் ஆள். பள்ளத்தாக்கு ஊருக்கு ஒரு தொட்டியோடு முடிகிற வேலைக்கு இங்கே ஏழெட்டுத் தொட்டி வேண்டும். தலை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றாக இருக்காது.

ஊர்ச் செல்வம், ஊராட்சிக்குச் சில்லறை

ஊராட்சிக்கென்று சட்டம் கொடுத்திருக்கும் சொந்த வருவாய் இனங்கள் சிலதான்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள். போக, நில வரி மீதான தல மேல்வரி, பத்திரப் பதிவின்போது வசூலாகும் முத்திரைத் தீர்வை மீதான கூடுதல் வரியில் பங்கு, கனிமத்தில் பங்கு.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, தல மேல்வரி ஒரு ரூபாய் நில வரிக்கு ஒரு ரூபாய். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் பாசன நிலம் மட்டும் 14,707 ஏக்கர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் கொடித் தோட்டத்தில் லட்சங்கள் புரண்டாலும், அந்த மண்ணிலிருந்து வருவது நில வரியை ஒட்டிய சில்லறை மட்டுமே. நில வரியே சொற்பம் என்றால் அதன் மேல்வரி எவ்வளவு இருக்கும்?

தொழில் வரியைப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988இல் அரசியல் சாசனத் திருத்தம் போட்ட உச்சவரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. ஊராட்சிக்குள் அதைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் மாதச் சம்பளக்காரர்களும்தான். விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் உழைப்பு எந்த ஊராட்சிக் கணக்கிலும் ஏறாது. கூலி மட்டும் ஊருக்கு வரும். அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கும், அவர்கள் இருட்டில் நடக்கும் தெருவின் விளக்குக்கும் ஊராட்சிதான் பொறுப்பு.

ஆக, ஊர் தன் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய இனம் வீட்டு வரி ஒன்றுதான். அதைத்தான் யாரும் தொடுவதில்லை. ஓட்டு வீடாக இருந்தபோது போட்ட வரி, அது மாடி வீடான பிறகும் அப்படியே தொடர்வதுண்டு. வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் ஓட்டு போய்விடும் என்ற பயம் தலைவருக்கு. ‘நான் கட்டி என்ன ஆகப் போகுது’ என்ற அலட்சியம் நமக்கு. விளைவு, ஒண்ணாம் நம்பர் கணக்கு வற்றிப் போகிறது. ஒரு மோட்டாருக்குக்கூட ஒன்றிய அலுவலகத்தைப் பார்த்துக் கை நீட்ட வேண்டிய நிலை. வீட்டு வரி தொகையில் சிறியது. ஆனால் யாரிடமும் கேட்காமல் ஊர் செலவழிக்கக்கூடிய பணம் அதுதான். அதிகாரத்தில் அது மற்ற எல்லா மானியத்தையும்விடப் பெரியது.

மலைக்கு அந்தப் பக்கம்

குமுளி தாண்டினால் கேரளம். 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தது அந்த மாநிலம். அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் 941. தமிழ்நாட்டிலோ பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே ஒரு பஞ்சாயத்து பெரியது, ஊழியர்கள் உண்டு, வேளாண் அலுவலகம் வரை அதன் பொறுப்பில். நம் பக்கம் பெரும்பாலும் ஒரு செயலர்தான் எல்லாப் பதிவேட்டையும் சுமக்கிறார். நம் ஊராட்சிகள் சிறியவை. அதனால் மக்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் சிறியவை என்பதாலேயே சொந்த வருமானத்தில் நிற்க முடியாமல் தள்ளாடுகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதில் புதிதாக ஓர் ஆபத்தும் சேர்ந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. முறைப்படி அமைந்த மன்றமும், தணிக்கை முடிந்து இணையத்தில் ஏற்றிய கணக்கும் இருந்தால்தான் நிதி ஆணைய மானியம் என்பது நிபந்தனை. தேர்தல் தள்ளிப்போனால் நாற்காலியோடு பணமும் தள்ளிப்போகும்.

நம் கையில் இருப்பது

வரவு-செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரத்தைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் அன்று மொத்தத் தொகையை வாசித்துவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அடுத்த முறை படிவம் 30, அதாவது வரவு செலவு அறிக்கையை, முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்றே கேள்வி கேளுங்கள். ஒண்ணாம் நம்பர் கணக்கில் இன்று இருப்பு எவ்வளவு? கரண்டு பில் பாக்கி எத்தனை மாதம்? வீட்டு வரியில் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு?

மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு ரசீது இந்த ஆண்டுக்கு உரியதுதானா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தலைவர் திருப்பிக் கேட்பார்; அப்போது பதில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: ஆற்றில் உறைகிணறு, வாரியத்தின் கூட்டுக் குடிநீர், ஊராட்சியின் சொந்த போர். ஒரே குடத்துக்கு மூன்று வழி, மூன்று கணக்கு.

(தொடரும்)