அறுபதுகளின் ஸ்காண்டிநேவிய ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுச் சேகரிப்பு

1960-களில் சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளின் இளைஞர் இசைக்குழுக்கள் வெளியிட்ட ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது, பழைய இசைத்தட்டுச் சேகரிப்பில் ஒரு தனிப்பிரிவாகும். வெளியான ஆண்டிலேயே சொந்த நாட்டில் விற்பனைக்கு வந்த முதல் பதிப்புக்கே இதில் மதிப்பு அதிகம்.

பின்னணி

ரிதம் அண்ட் புளூஸ், 1940-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசை. ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற பிரித்தானியக் குழுக்கள் அதைத் தம் பாணியில் வாசிக்க, வட ஐரோப்பிய இளைஞர்களும் அதைப் பின்பற்றினர். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தாகெஸ், மால்மோவில் நேம்லூசர்ஸ், டென்மார்க்கில் பீஃப்ஈட்டர்ஸ், நார்வேயின் வடக்கே த்ரோம்சோவில் புஸ்ஸிகாட்ஸ் ஆகிய குழுக்கள் தோன்றின. இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின.

அரிதானதற்குக் காரணங்கள்

முதற்காரணம் சந்தையின் அளவு. 1965-இல் சுவீடனின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் குறைவு. நார்வேயில் 40 லட்சத்துக்கும் குறைவு. எனவே தட்டுகள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின.

இரண்டாவது, விலை. இளைஞர்கள் 45 சுழற்சி கொண்ட சிறிய தட்டுகளையே வாங்கினர். 33⅓ சுழற்சி கொண்ட எல்.பி. தட்டு அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. நேம்லூசர்ஸ் குழு தன் காலத்தில் சிறிய தட்டுகளை மட்டுமே வெளியிட்டது.

மூன்றாவது, தேய்மானம். விருந்துகளில் திரும்பத் திரும்ப ஓடிய தட்டுகள் கீறலின்றிக் கிடைப்பது கடினம்.

குறிப்பிடத்தக்க தொகுப்புகள்

தாகெஸ் குழுவின் முதல் எல்.பி. 1965-இல் வந்தது, 1967-இல் வெளியான 'ஸ்டுடியோ' அக்குழுவின் சிறந்த படைப்பாகப் பலராலும் கருதப்படுகிறது. புஸ்ஸிகாட்ஸின் 'ப்ஸ்ட்! ப்ஸ்ட்!' 1966-இல் வெளியானது. பீஃப்ஈட்டர்ஸின் முதல் எல்.பி. 1967-ஐச் சேர்ந்தது, அதில் பாடிய பீட்டர் தோரப் பின்னாளில் பிரித்தானிய புளூஸ் கலைஞர் அலெக்சிஸ் கோர்னருடன் இணைந்து பாடினார். புகழ் வேறு, அருமை வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னாளில் ஆபா குழுவில் புகழ்பெற்ற பென்னி ஆண்டர்சன் வாசித்த ஹெப் ஸ்டார்ஸ் குழுவின் தட்டுகள் பெருமளவில் விற்றவை.

முதல் பதிப்பை அறிதல்

தட்டின் உள்விளிம்பில், பாடல் முடிந்தபின் வரும் வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணை முதலில் பார்க்க வேண்டும். அதனை முதல் பதிப்பின் எண்ணோடு ஒப்பிடலாம். நடுத்தாளின் நிறம், நிறுவனச் சின்னம் ஆகியவையும் பொருந்த வேண்டும். உறையில் பட்டைக்குறி அச்சாகியிருந்தால் அது 1960-களின் உறை அன்று. பட்டைக்குறி இசைத்தட்டு உறைகளில் 1970-களின் இறுதியில்தான் இடம்பெறத் தொடங்கியது.

பராமரிப்பு

தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். வெயில் பட்டால் வினைல் வளைந்துவிடும். பள்ளங்களில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

சேகரிப்பின் பயன்

ஒலிப்பதிவுகளின் படியைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் சுவீடனில் 1979-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபதுகளின் தட்டுகளுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. மூல ஒலிநாடா தொலைந்துபோன பாடலை மறுவெளியீடு செய்ய, நல்ல நிலையிலுள்ள தட்டு ஒன்றிலிருந்தே ஒலியை எடுக்க வேண்டியுள்ளது. அப்போது ஒருவர் தம் அலமாரியில் காத்துவைத்த தட்டே அந்தப் பாடலுக்கு மூலப்படியாகிறது. ஆகவே தட்டோடு அதன் உறை, வெளியீட்டு எண், வாங்கிய விவரம் ஆகியவற்றையும் குறித்துவைப்பது சேகரிப்பாளரின் கடமையாகும்.