சட்டக் கல்வியும் ஆசிரியத் துணையும்

நம் கலாசாலையிற் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருட் சிலர் ஆண்டுதோறும் சட்டக் கலாசாலை புகுவது வழக்கம். புகுந்த சில திங்களுக்குள்ளாகவே அவருட் பலர், "வகுப்பில் நடப்பது நன்கு விளங்கவில்லை, டியூஷன் வைத்துக்கொள்ளலாமா, அன்றி நோட்ஸ் வாங்கிப் படித்தால் போதுமா?" என்று மூத்த மாணவரை வினவத் தொடங்குகின்றனர். இவ்வினா சிறியதாகத் தோன்றினும் இதற்கு அவர் காணும் விடை சிறியதன்று. பிற்காலத்தில் அவரை நம்பித் தம் நிலத்தையும் மானத்தையும், சில வேளை உயிரையுமே ஒப்புவிக்கப் போகும் கட்சிக்காரரின் கதி அவ்விடையைப் பொறுத்தே அமையும். ஆதலின், சட்டம் பயில்வார்க்கு வேண்டிய துணை யாது, ஆகாத துணை யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நாட்டிற் சட்டம் பயில வழிகள் இரண்டு. பட்டதாரிகள் மூன்றாண்டும், மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து நேரே புகுவோர் ஐந்தாண்டும் பயிலுதல் வேண்டும். 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்படி இக்கல்வியின் தரத்தை இந்திய பார் கவுன்சில் வரையறுக்கின்றது. அக்கவுன்சில் 2008-ம் ஆண்டில் இயற்றிய விதிகள், ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபது வகுப்புக்களுக்கேனும் மாணவர் வந்திருத்தல் வேண்டும் என்கின்றன. விரிவுரை மட்டுமன்றி டியூடோரியல் வகுப்பும் மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் அவ்விதியில் இடம்பெறுகின்றன. எனவே, ஆசிரியரோடு அணுகியிருந்து பயிலுதல் என்பது சட்டக் கல்வியின் உள்ளேயே வைக்கப்பட்ட ஓர் உறுப்பாகும். அதனை நாடுவது அறிவுக் குறைவின் அடையாளம் என்று எவரும் நாண வேண்டுவதில்லை.

இனி, இக்கல்வி ஏன் கடினமாகத் தோன்றுகிறது என்பதைக் காண்போம். சரித்திரம் படித்தவர் நிகழ்ச்சிகளை நினைவிற்கொள்ளப் பழகியவர். கணிதம் படித்தவர் ஒரே விடையை அடையப் பழகியவர். சட்டமோ இவ்விரண்டிலும் வேறானது. ஒரு பிரிவில் "அல்லது" என்றிருப்பதற்கும் "மற்றும்" என்றிருப்பதற்கும் உள்ள வேற்றுமையால் ஒருவன் சிறை புகுதலும் வீடு திரும்புதலும் உண்டு. இதனோடு மொழியிடரும் சேர்கின்றது. பெரும்பாலான நூல்களும், உயர்நீதிமன்றத் தீர்ப்புக்களும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் வழியிற் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை கண்ட மாணவர், சட்டத்தையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்க வேண்டியவராகின்றார். இவருக்கு வேண்டுவது அறிவன்று. அது அவரிடம் உளது. அருகிருந்து வழிகாட்டுவார் ஒருவரே வேண்டும்.

அவ்வழிகாட்டியின் இடத்திற் பலர் நோட்ஸ் என்னும் சுருக்க ஏடுகளை வைத்துக்கொள்கின்றனர். தேர்வுக்கு முந்திய இரவில் இவை உதவுதல் கூடும். ஆயினும் இவற்றையே நம்பினோர் நிலை என்னாயிற்று என்பதை அண்மைக் காலம் காட்டிற்று. 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 511 பிரிவுகளைக் கொண்டு விளங்கியது. 2024-ம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அதன் இடத்தில் 358 பிரிவுகளைக் கொண்ட பாரதிய நியாய சங்ஹிதை நடைமுறைக்கு வந்தது. கொலைக்குத் தண்டனை கூறிய 302-ம் பிரிவு 103 ஆயிற்று. வஞ்சகத்துக்குப் பெயர்போன 420-ம் பிரிவு 318-ல் அடங்கிற்று. எண்களை மனனம் செய்தோரின் உழைப்பு ஒரே நாளிற் பழுதாயிற்று. கொலை என்பதற்கு இன்ன கருத்தும் இன்ன செயலும் வேண்டும் என்று உணர்ந்தோர்க்கோ, பெரும்பாலும் எண்களை மாற்றிக்கொள்வதே வேலையாயிற்று.

காந்தியடிகள் இலண்டனிற் பாரிஸ்டர் கல்வி பயின்ற காலத்தைத் தம் சுயசரிதையில் விவரித்துள்ளார். உரோமச் சட்டத் தேர்வுக்கு இரண்டொரு வாரம் குறிப்பேடுகளைப் புரட்டித் தேறுவது அங்கே பலர் வழக்கமாயிருந்ததாம். அவரோ மூலநூல்களைப் படியாது விடுவது மோசடியாகும் எனக் கருதி, உரோமச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே பயின்றார். 1891-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் பாரிஸ்டரானார். உரோம டச்சுச் சட்டம் வழங்கிய தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராய் விளங்கியபொழுது, அன்று பயின்ற அக்கல்வி கைகொடுத்தது.

ஆயின், நல்ல துணையாசிரியர் செய்வது யாது? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒப்பந்தச் சட்டம் பயில்வார் யாவரும் அறிந்த லால்மன் சுக்லா வழக்கு, 1913-ம் ஆண்டில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. கான்பூரைச் சேர்ந்த கௌரி தத்தர் என்பவரின் உறவினனான சிறுவன் ஒருவன் வீட்டை விட்டு ஓடிப்போனான். அவர் தம் கணக்கப்பிள்ளையாகிய லால்மனுக்கு இரயில் கட்டணம் கொடுத்து ஹரித்துவாரத்திற்கு அனுப்பித் தேடச் செய்தார். அவன் சென்ற பின்னர், சிறுவனைக் கண்டுபிடிப்பார்க்கு 501 ரூபாய் வெகுமதி தருவதாகத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். லால்மன் ரிஷிகேசத்திற் சிறுவனைக் கண்டுபிடித்தான். பின்னர் வேலையினின்று நீக்கப்பட்டபொழுது, அவ்வெகுமதி தனக்கு உரியதென வழக்கிட்டான். நீதிமன்றம் அவன் வழக்கைத் தள்ளிவிட்டது.

நோட்ஸ் படித்த மாணவர், "வெகுமதி அறிவிப்பை அறியாதவனுக்கு வெகுமதி இல்லை" என்று ஒரே வரியில் ஒப்புவிப்பார். துணையாசிரியர் அவ்வரியோடு அவரைப் போகவிடார். "லால்மன் பணியாளன் அல்லன், அயலான், பிரசுரத்தைக் கண்ட பின்னரே தேடப் புறப்பட்டான் எனின்?" என்று வினவுவார். அப்பொழுது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 8-ம் பிரிவின்படி, நிபந்தனையை நிறைவேற்றியதே சம்மதமாகும் என மாணவர் காண்பார். "அயலான், ஆயினும் பிரசுரத்தைக் கண்டிலன் எனின்?" என்பது அடுத்த வினா. அறியாத ஒன்றுக்குச் சம்மதித்தல் எங்ஙனம் கூடும் என்பதை மாணவர் உணர்வார். "பணியாளனே, ஆனால் பிரசுரத்தைக் கண்ட பின்னர்த் தேடினான் எனின்?" என்ற மூன்றாம் வினாவில் மாணவர் திகைப்பார். இங்கே அறிவு உண்டு; ஆயினும் தேடும் கடமை முன்னரே அவன் தலைமேல் உளது. இத்தீர்ப்பினுள் அறியாமை, முன்னமே ஏற்ற கடமை என இரு காரணங்கள் உள என்பது அப்பொழுதே அவருக்குப் புலனாகும். அரைமணி நேரத்து வினாவிடையால் விளைந்த இத்தெளிவு, நூறு பக்க நோட்ஸாற் கிட்டுவதன்று.

இரண்டாவதாக, நல்லாசிரியர் மாணவரை எழுதச் செய்து திருத்துவார். ஒரு வழக்குச் சிக்கலுக்கு விடை எழுதுங்கால் நான்கு படிகள் உள. எழும் வினா யாது எனப் பிரித்தறிதல் முதலாவது; அதற்குரிய சட்டத்தை எடுத்துக் கூறுதல் இரண்டாவது; அச்சட்டத்தை நிகழ்ச்சிகளோடு பொருத்திக் காட்டுதல் மூன்றாவது; முடிவு கூறுதல் நான்காவது. மாணவர் பெரும்பாலும் இரண்டாம் படியில் நின்று தாம் அறிந்ததையெல்லாம் கொட்டி, மூன்றாம் படியை ஒரே வாக்கியத்திற் கடந்துவிடுகின்றனர். மதிப்பெண் பெரிதும் அம்மூன்றாம் படியிலேயே உளது. நீதிமன்றத்தில் வெற்றியும் அங்கேதான். தம் குறையைத் தாமே காண்டல் அரிதாகலின், பிறர் ஒருவர் சிவப்பு மையால் அதனைக் குறித்துக் காட்டுதல் இன்றியமையாதது.

பட்டம் பெற்றபின் எழுதும் அகில இந்திய பார் தேர்வும் இக்கருத்துக்குச் சான்றாம். குறிப்புரையில்லாத மூலச் சட்டநூலைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்ல இடமளிக்கின்றனர். வேண்டிய பிரிவு எங்குளது, அதன் பொருள் யாது என்று அறியும் பயிற்சியில்லாதார்க்கு அந்நூல் கையிலிருந்தும் பயனில்லை.

இத்துணைக்குப் பெரும்பொருள் செலவிடல் வேண்டுமோ எனின், வேண்டா. முதற்கண், தம் சட்டக் கலாசாலை ஆசிரியரையே அணுகுக. திட்டமான ஒரு வினாவோடு செல்லும் மாணவரைக் கடிந்து அனுப்பும் ஆசிரியர் அரியர். அடுத்து, நால்வர் ஐவர் கூடி வாரந்தோறும் ஒரு தீர்ப்பை எடுத்து, ஒருவர் வாதியாகவும் மற்றொருவர் பிரதிவாதியாகவும் வாதிடுக. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கள் பல இப்பொழுது தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடப்படுகின்றன. ஆங்கில மூலத்தையும் அதன் தமிழையும் அருகருகே வைத்துப் படிப்பார், மொழியையும் சட்டத்தையும் ஒருங்கே கற்பர். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிற் புக விரும்பும் எளிய குடும்பத்து மாணவர்க்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளிக்குமாறு, பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ம் ஆண்டில் ஐ.டி.ஐ.ஏ. என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவர் 2019-ம் ஆண்டில் மறைந்த பின்னும் அப்பணி நிற்கவில்லை. பொருள் கொடுத்து டியூஷன் வைத்துக்கொள்வோர், இவ்வாசிரியர் நம்மை எழுதச் செய்கின்றாரா, வினவுகின்றாரா என்று முதலில் நோக்குக. கட்டுரையைத் தாமே எழுதித் தந்து பொருள் பெறுவார் துணைவர் அல்லர். மாணவரின் நேர்மையை அவர் விலைக்கு வாங்குகின்றார்.

தமிழ் வழிப் பயின்ற மாணவர்க்குத் தனியே ஒன்று சொல்லுவோம். நம் மாநிலத்து மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றின் கீழ்ப்பட்டவற்றிலும் தமிழ் வழங்குகின்றது. எளிய மக்கள் தம் வழக்கைக் கூறுவதும், சாட்சிகள் கூண்டிலேறி உரைப்பதும் தமிழிலேயாம். எனவே, நும் தமிழறிவை இடையூறென எண்ணற்க. அது நும் முதற்பொருளாகும். ஆங்கிலம் உழைப்பாற் சில ஆண்டுகளிற் கைவரும். கிழவி ஒருத்தி கலங்கிய நெஞ்சத்தோடு முன்னும் பின்னுமாய்ச் சொல்லும் கதையினின்று வழக்கின் உயிர்நிலையைப் பிரித்தெடுக்கும் திறனோ, அவள் மொழியை உள்ளபடி உணர்ந்தார்க்கே எளிதில் வாய்க்கும்.

ஊன்றுகோல் நடப்பார்க்கே உதவும். அவருக்கு மாற்றாக அது நடவாது. ஆசிரியத் துணையும் அத்தகையதே. சட்டம் பயிலப் புகும் நம் மாணவர், மூலநூலைக் கையிற்கொண்டு, வினவுவாரைத் தேடிச் சென்று, எழுதித் திருத்தம் பெற்று, தம் காலால் நடக்கக் கற்பாராக. அங்ஙனம் கற்றாரிடம் அடைக்கலம் புகும் ஏழை மக்களின் உரிமை காக்கப்படும் என்பது திண்ணம்.