கம்பிச் சடக்கின் மேலே 25,000 வோல்ட்

மாணவர்களே, நம் தாத்தா பாட்டிமார் ‘கம்பிச் சடக்கு’ என்றது கீழே கிடக்கும் தண்டவாளத்தை. இன்று ரெம்பாவ் நிலையத்தில் நின்று மேலே பாருங்கள். அங்கே ஓடும் கம்பிதான் ரயிலை இயக்குகிறது.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு ஈயம் கொண்டுசெல்லப் போடப்பட்டது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பின்னர் நாடெங்கும் நீண்ட பாதைகளில் உழைத்த தமிழர்கள் ஏராளம். நீராவி போய் டீசல் வந்தது. அரசு நிறுவனமான கே.டி.எம்மின் சிரம்பான்–கிம்மாஸ் மின்சார இரட்டைப் பாதை 2013இல் நிறைவடைந்தது. தண்டவாளங்களின் இடைவெளி மட்டும் அன்றுபோல் இன்றும் 1 மீட்டர்தான்!

மேல்கம்பியில் 25,000 வோல்ட் எதற்கு? மின்னழுத்தத்தை 10 மடங்கு உயர்த்தினால், அதே திறனுக்கு மின்னோட்டம் 10இல் 1 பங்கு போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது 100இல் 1 பங்காகக் குறையும்.

ஆனால், இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் காற்றின் ஊடாகவும் பாயக்கூடும். கம்பியைத் தொடாமல், அருகே சென்றாலே உயிர் போகலாம். நனைந்த பட்டக் கயிறும் காய் பறிக்கும் அலுமினியக் கோலும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே, பாதைக்கு அருகே பட்டம் வேண்டாம். குறுக்கு வழியும் வேண்டாம். சற்றுத் தூரமானாலும் மேம்பாலத்தில் ஏறியே கடந்து செல்லுங்கள்.