கொலுப்படிக்குக் கீழே ஓடிய ரயில்

கொலுவில் மேல்படிகள் சாமிக்கு, கீழே தரை பிள்ளைகளுக்கு. கடுகு தெளித்து முளைக்கவிட்ட வயல், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், களிமண் மலை, அதைச் சுற்றித் தண்டவாளம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் நாலு காசு இருந்த வீடுகளில் அந்தப் பார்க்கில் ஓடியது சாவி கொடுக்கும் சீமைத் தகர ரயில். சில சுற்றுகளில் முறுக்கு இறங்கி நின்றுவிடும். அடுத்து சாவி யார் கொடுப்பது என்று சண்டை. எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் அதைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

இன்று ரயிலின் ஊரையும் வயதையும் கணிக்க, கவிழ்த்துப் பார்ப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜி.பி.என். என்று முத்திரை இருந்தால் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து பிங் கம்பெனி. முதல் உலகப் போருக்குப் பின் அதே கம்பெனி பி.டபிள்யூ. என்று போட்டது. 1930-களின் தொடக்கத்திலேயே அது மூழ்கிவிட்டதால், பிங் ரயில் என்றாலே இரண்டாம் போருக்கு முந்தியதுதான். லிவர்பூலின் ஹார்ன்பி ரயில் 1920-இல் வந்தது. அதில் எல்.எம்.எஸ். என்ற எழுத்தைக் கண்டதும் துள்ள வேண்டாம். அந்த இங்கிலாந்து ரயில்வே கம்பெனி 1923-இல் பிறந்து 1948-இல் அரசுடைமையானாலும், பொம்மையில் அந்தப் பெயர் போருக்குப் பிறகும் சில காலம் நீடித்தது. ‘யு.எஸ். ஸோன் ஜெர்மனி’ என்றிருந்தால் சந்தேகமே இல்லை, போர் முடிந்த கையோடு செய்தது. வார்ப்புச் சக்கரம் தானாக வெடித்து உதிர்கிறதா? துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்ட பழைய சரக்காக இருக்கலாம். நம் டெல்டா ஈரம் அதற்கு எமன்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. நவராத்திரிக்கு முன் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது வழக்கம். தசாவதார செட்டில் மங்கிய நீலத்தைத் தொட்ட தூரிகை, ரயில் மேலும் ஒரு இழுப்பு இழுத்தது. தகரத்தில் அச்சான எழுத்து, முத்திரை எல்லாம் எனாமலுக்கு அடியில் போய்விட்டன. சேகரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், விலையும் பாதியாகும். எனக்கென்னவோ அது குற்றமாகப் படவில்லை. மண் பொம்மைக்குக் கிடைத்த அக்கறை ரயிலுக்கும் கிடைத்தது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், பொம்மை ரயிலில் இங்கிலாந்துக் கம்பெனி, வெளியே ஓடியதோ தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொந்த ரயில். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் மீட்டர் கேஜில் போட்ட பாதை அது. 1903-இல் அறந்தாங்கி வரை நீண்டது. அந்த மீட்டர் கேஜ் இப்போது இல்லை. திருவாரூர்–காரைக்குடி தடத்தில் 2019 முதல் அகல ரயில் ஓடுகிறது. அதில் ஏறிக் காரைக்குடியில் இறங்கினால் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் பாத்திரங்களுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவே தகர பொம்மைகளும் கண்ணில் படும்.

பார்க்கில் இப்போது ஓடுவது பேட்டரி பிளாஸ்டிக். 2021 முதல் அதன்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், நாளைக்கு வயதைக் கணிக்க அதுவும் உதவும்.

பரணில் பழைய ரயில் அகப்பட்டால் உடனே சாவியை முறுக்காதீர்கள். துருப்பிடித்த வில் அறுந்துவிடும். எனாமலைச் சுரண்டவும் வேண்டாம். பக்கத்தில் சொப்புச் சாமான் போட்டுவைத்த சிவப்பு அட்டைப்பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ரயிலோடு வந்த பெட்டி அதுவாகவே இருந்தால், பல சமயம் ரயிலைவிட அதுதான் அரிது.